ஒத்தை நாற்காலியும் ஒரு மலையும்

கூட்டுறவு சங்கம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது பால் சொசைட்டி, நகைக்கடன், ரேஷன் கடை. ஒரு மலையையே கூட்டுறவு சங்கம் வெச்சு நடத்துறாங்கன்னா நம்புவீங்களா? அமெரிக்காவுல, வெர்மான்ட் மாநிலத்துல இருக்கற 'மேட் ரிவர் க்ளென்' பனிச்சறுக்கு மலை அப்படித்தான் நடக்குது. கொஞ்ச நாளா இதைப் பத்தித்தான் படிச்சிட்டிருக்கேன். எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. பனியோட என் பழக்கம் ஃபிரிட்ஜோட சரி :-) இருந்தாலும் இந்தக் கதை நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்களுக்கும் உதவும்னு தோணினதால இந்தப் பதிவு.

மலையிலேர்ந்து சறுக்கி வரணும்னா முதல்ல மேல ஏறணும் இல்லையா? அதுக்கு 1936ல் ஐடஹோவின் சன் வேலியில் உலகத்தின் முதல் 'சேர் லிஃப்ட்' வந்தது. யூனியன் பசிபிக் ரயில்வேயில் வேலை பார்த்த ஜேம்ஸ் கர்ரன் என்ற எஞ்சினியரின் யோசனை. கப்பல்ல வாழைத்தார் ஏத்தற கம்பிவட அமைப்பு அவருக்குப் பழக்கம். வாழைத்தார் தொங்கின இடத்துல ஒரு நாற்காலியை மாட்டி மனுஷனை உக்கார வெச்சிட்டார், அவ்வளவுதான். பழனி ரோப் கார் பார்த்திருப்பீங்க. அதுல பெட்டியை எடுத்துட்டு, ஒருத்தர் மட்டும் உக்கார்ற நாற்காலியா வரிசையா தொங்கவிட்டா எப்படி இருக்கும்? அதேதான்.

வெர்மான்ட்டின் ஸ்டோவ் என்ற ஊருக்கு 1940ல் இந்த லிஃப்ட் வரக் காரணமானவர்களில் முக்கியமானவர் ரோலண்ட் பால்மெடோ. நியூயார்க்கில் முதலீட்டு வங்கி ஆசாமி. ஆனா ஸ்டோவ் வளர வளர, அதோட வியாபார வாடை அவருக்கே பிடிக்காமப் போச்சு. வேற மலை தேடிப் போய், 1948ல் மேட் ரிவர் க்ளென்னை ஆரம்பிச்சார். அங்கே ஹோட்டல் கூட்டமோ கேளிக்கை மையமோ கிடையாது. சறுக்க வர்றவங்களுக்கு மலை, மரங்களுக்கு நடுவே குறுகலான பாதைகள், மேலே போக ஒத்தை நாற்காலி லிஃப்ட். அவ்வளவுதான். அந்த லிஃப்ட் சுமார் 2,000 அடி உயரம் ஏத்திவிடும்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. ஒத்தை நாற்காலி மணிக்குச் சுமார் 500 பேரைத்தான் மேலே கொண்டு போகும். இப்போ பெரிய ரிசார்ட்டுகள்ல இருக்கற நாலு பேர் உக்கார்ற அதிவேக லிஃப்ட், மணிக்கு 2,000 பேருக்கு மேல ஏத்தும். ஒத்தை நாற்காலின்னா கீழே க்யூவுல ரொம்ப நேரம் நிக்கணும். ஆனா மேலே போனதும் சறுக்கற பாதையில கூட்டமே இருக்காது. கூட்டம் கம்மின்னா பனியும் சீக்கிரம் தேயாது. இந்த மலை பெரும்பாலும் வானத்திலேர்ந்து விழற பனியை நம்பித்தான் ஓடுது, மெஷின் பனி ரொம்பக் கம்மி. அதனால லிஃப்டோட மந்த வேகமே மலையைக் காப்பாத்துது. சர்வர் கவிழாம இருக்க ரெக்வெஸ்ட்டைக் கட்டுப்படுத்தி விடுவோமே, அந்தக் கதைதான்.

1972ல் பால்மெடோ தரப்பிடமிருந்து ட்ரக்ஸ்டன் ப்ராட் குழு மலையை வாங்கியது. 1975ல் ட்ரக்ஸ்டன் இறந்துபோக, அவர் மனைவி பெட்ஸி ப்ராட் பொறுப்பை எடுத்துக்கிட்டார். இருபது வருஷம் அந்தம்மா ராஜ்ஜியம். வயசான காலத்துல வித்துட்டுப் போகலாம்னா, யாருக்கு விக்கறது? பெரிய கம்பெனிக்கு வித்தா மறுநாளே புல்டோசர் வரும்னு அவருக்குத் தெரியும். அதனால அங்கே சறுக்க வர்றவங்களுக்கே வித்துட்டார். 1995 டிசம்பர்ல கூட்டுறவு அமைஞ்சது. அப்போ ஒரு பங்கு 1,500 டாலர். ஒருத்தர் எத்தனை பங்கு வெச்சிருந்தாலும் ஓட்டு ஒண்ணுதான்.

இந்தக் கடைசி வரிதான் மொத்தக் கதைக்கும் அச்சாணின்னு நினைக்கிறேன். "எங்களுக்கு மதிப்பீடுகள் முக்கியம்"னு எல்லாக் கம்பெனியும்தான் சுவத்துல எழுதி மாட்டுது. கம்பெனி கை மாறினா போர்டும் மாறிடும். இங்கே அது விதியிலேயே இருக்கறதால, பணம் படைச்ச ஒருத்தர் வந்து மொத்தத்தையும் சுருட்ட முடியாது.

அதுக்கு ஒரு சோதனையும் வந்தது. லிஃப்ட் கிழடு தட்டினப்போ, ரெட்டை நாற்காலி லிஃப்ட் புதுசா போடறது பழசைச் சீர் பண்றதைவிட மலிவு. கூட்டமும் அதிகம் ஏத்தலாம். எந்த மேனேஜரைக் கேட்டாலும் "புதுசு போடு"ன்னுதான் சொல்வார். சங்கத்துக்காரங்க ஒன்றரை மில்லியன் டாலருக்கு மேல திரட்டி, பழைய ஒத்தை நாற்காலியையே 2007ல் புதுப்பிச்சாங்க. 2012ல் அந்த மலை அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டிலும் சேர்ந்தது.

இதோட முடிச்சா புகழ்மாலை ஆயிடும். இன்னொரு பக்கமும் இருக்கு. இங்கே ஸ்னோபோர்டுக்கு அனுமதி இல்லை. ரெண்டு கட்டைக்குப் பதிலா ஒரே பலகையில நின்னு சறுக்கறதுதான் ஸ்னோபோர்டு. ஒத்தை நாற்காலியிலேர்ந்து அவங்க இறங்கறதுல வந்த சிக்கல்ல ஆரம்பிச்சு, பெட்ஸி காலத்துலேயே மொத்தத் தடையா ஆயிடுச்சு. கூட்டுறவு வந்தப்புறமும் மாறலை. அமெரிக்காவுல இப்படித் தடை வெச்சிருக்கற மத்த ரெண்டு இடங்கள் யூட்டாவுல இருக்கற ஆல்டாவும் டியர் வேலியும்தான். நியூ மெக்ஸிகோவின் டாவோஸ்கூட 2008ல் தடையை எடுத்துட்டாங்க.

எனக்கு இது உறுத்துது. ஸ்னோபோர்டுக்காரரும் பங்கு வாங்கலாம், ஓட்டுப் போடலாம், சரிதான். ஆனா உள்ளே இருக்கறவங்க பெரும்பான்மையா "வேண்டாம்"னு சொல்ற வரைக்கும் அந்த ஓட்டு என்ன செய்யும்? பாரம்பரியத்தைக் காப்பாத்தற அதே ஓட்டுதான் கதவையும் சாத்துது. நம்ம ஊர்ச் சங்கங்கள்லேயும் இதைப் பார்த்தவங்கதானே நாம?

ஆனாலும் மத்த மலைகளுக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. பால்மெடோ விட்டுட்டு வந்த ஸ்டோவை 2017ல் வெய்ல் ரிசார்ட்ஸ் வாங்கிடுச்சு. அதே பள்ளத்தாக்குல பக்கத்துல இருக்கற சுகர்புஷ் 2020ல் ஆல்டெர்ரா கைக்குப் போச்சு. மேட் ரிவர் க்ளென் மட்டும் இன்னும் அங்கே சறுக்கறவங்க கையில இருக்கு. குளிர்காலம் சூடாகிட்டே வர்ற இந்தக் காலத்துல, வானத்துப் பனியை நம்பி அது எத்தனை நாள் ஓடும்ங்கறதுதான் அடுத்த கேள்வி. அதுக்கு எந்தச் சங்கத்துலேயும் ஓட்டுப் போட முடியாதே!

சரி மக்களே, நீங்க அங்கே பங்குதாரரா இருந்தா ஸ்னோபோர்டுக்கு எந்தப் பக்கம் கை தூக்குவீங்க? என் ஓட்டு "உள்ளே விடுங்கப்பா"வுக்கு. லிஃப்டை மட்டும் யாரும் தொடக்கூடாது, சொல்லிட்டேன் :-)