பின்தொடர்ந்து எட்டும் கணக்கு

முன்செல்வானைப் பின்செல்வான் எப்பொழுது எட்டுவான் என்னும் வினா இயற்பியல் தொடக்க நூல்களில் தவறாது காணப்படுவது. மாறா வேகத்தில் செல்லும் இருவர் நிலைகளையும் காலத்தால் எழுதிச் சமன்படுத்த, விடை கிட்டும். ஆயின் பழங்கணக்குகள் சில ‘எப்பொழுது’ என்று வினவவில்லை. ‘எவ்வளவு தொலைவில்’ என்றே வினவின. இவ்வேறுபாட்டையே நாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். ஆமையை அக்கிலீசு எட்டான் என்ற செனோவின் புதிரை வேண்டுமென்றே விடுத்தோம்; அது எட்டுதல் கூடுமா என்பது பற்றியது.

சீனரின் ‘ஒன்பது இயல்கள்’ என்னும் கணிதநூலுக்கு லியூ ஹுய் கி.பி. 263-இல் உரை கண்டார். நூல் அதனினும் பழையது. விரைந்து நடப்பவன் 100 காலடி வைக்குங்கால் மெல்ல நடப்பவன் 60 வைப்பான். மெல்ல நடப்பவன் 100 காலடி முந்திச் சென்றபின் மற்றவன் தொடர்கின்றான் என்பது அதன் ஆறாம் இயலில் வரும் கணக்கு. 100-இலிருந்து 60-ஐக் கழித்து, எஞ்சிய 40-ஆல் 100 × 100-ஐ வகுக்க என்று நூல் வழி கூறும். விடை 250 காலடி. காலம் பற்றிய பேச்சே இல்லை.

அல்குயின் (இறப்பு: 804) இயற்றியதாகக் கருதப்படும் இலத்தீன் தொகுதியிலோ வழியும் மறைந்துவிடுகின்றது. 150 அடி நீள வயலின் ஒருமுனையில் நாய், மறுமுனையில் முயல். நாயின் பாய்ச்சல் 9 அடி, முயலின் பாய்ச்சல் 7 அடி. 150-இல் பாதி 75. அதனை 9-ஆல் பெருக்க, நாய் ஓடிய தூரம் 675 அடி என்பர் ஆசிரியர். பாதி எடுத்தது ஏன்? 9-க்கும் 7-க்கும் வேறுபாடு 2 என்பதே காரணம். அதனை அவர் சொல்லவில்லை. நாயின் பாய்ச்சல் 10 அடியாயின் மூன்றிலொரு பங்கன்றோ கொள்ளல் வேண்டும்! விடையை மட்டும் நெட்டுருச் செய்த மாணாக்கன் அவ்விடத்தே இடறுவான்.

அல்குயினுக்கு முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட ஆரியபடீயம் (கி.பி. 499) காலத்தையே வினவுகின்றது. கோள்களின் கூட்டம் நிகழும் நேரம் வானநூலார்க்கு இன்றியமையாதது ஆதலின் அது இயல்பே. கணிதபாதத்தின் 31-ஆம் செய்யுள், இடைத்தொலைவை, ஒரே திசையில் செல்வனவாயின் வேகங்களின் வேறுபாட்டாலும், எதிரெதிர் செல்வனவாயின் அவற்றின் கூட்டுத்தொகையாலும் வகுக்கச் சொல்கின்றது. கிடைக்கும் காலம் கழிந்ததாகவும் இருக்கலாம், வரவிருப்பதாகவும் இருக்கலாம் என்று இரண்டையும் அது தழுவிக்கொள்கின்றது. விரைவுடையது முன்னே நிற்குமாயின் கூட்டம் முன்னரே நிகழ்ந்துவிட்டது. சமன்பாட்டில் காலம் கழித்தற்குறியுடன் வரக்கண்டு, பிழையென அடித்துவிடும் மாணாக்கரை நாம் இன்றும் காண்கின்றோம். ஆரியபடருக்கு அது நடந்து முடிந்த ஒரு கூட்டத்தின் நாள்.