முத்துக்குளித்துறையின் நூல்கள் எங்கே போயின?

புதுக்கோட்டை என்றதும் பலருக்கும் தொண்டைமான் மன்னர்களின் ஊரே நினைவில் எழும். நான் குறிப்பிடுவது அதனை அன்று. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் அதே பெயருடன் ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவு பயணித்தால் துறைமுகம். அதன் வடக்கும் தெற்குமாக முத்துக்குளித்துறை. இக்கடற்கரையின் வரலாற்றை எழுத முற்படும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது ஒரு வினாவில்தான்: சான்றுகள் எங்கே இருக்கின்றன? நெடுங்காலம் இதற்கான விடை உரோமாபுரி, லிஸ்பன், கோபன்ஹேகன் என்றே இருந்தது. தூத்துக்குடி என்ற விடை கிடைத்ததில்லை.

போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் இக்கரையில் வாழ்ந்து தமிழ் கற்றவர். 1600 இல் மறைந்தவர். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி ஒன்றில், அம்மொழிக்குரிய எழுத்துகளைக் கொண்டு இந்தியாவிலேயே அச்சிடப்பெற்று இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே முதலாவது. அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வெளிவந்தது. 1586 இல் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல். இந்த அச்சுப் பணிக்குப் பொருள் திரட்டித் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள். ஆழ்கடலில் மூச்சடக்கி ஈட்டிய பணம் ஈய எழுத்தாக வார்க்கப்பட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்நூல்களின் பிற்கதி என்ன? தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்திலும் கோபன்ஹேகனிலும் உள்ளது. அடிகளார் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப்படியோ லிஸ்பனில் கிடந்தது. அச்சிடப் பணம் தந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. இதில் எவரையும் குறை கூறுவதற்கில்லை. உப்புக்காற்றும் கரையானும் போரும் நம்மிடம் விட்டுவைக்காததை அந்த நூலகங்கள் காத்தன. ஆனால் காத்தல் வேறு, கொடுத்தல் வேறு.

இந்த இடத்தில்தான் தனிநாயகம் அடிகளின் பெயர் வருகிறது. 1913 இல் யாழ்ப்பாணத்தின் கரம்பொனில் பிறந்த அவர், தூத்துக்குடி மறைமாவட்டக் குருவாகப் பணியாற்றியவர். வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தவர். 1948 இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவியவர். 1952 இல் 'தமிழ் கல்ச்சர்' ஆங்கில இதழைத் தொடங்கிய பின், ஐரோப்பிய நூலகங்களில் ஏறி இறங்கித் தமிழ்நூல்களைத் தேடினார். 1954 இல் லிஸ்பனில் அண்டிரிக்கின் இலக்கணத்தையும், வத்திக்கானில் 1679 ஆம் ஆண்டின் புரோயன்சா தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியையும் கண்டார். கண்டதைப் பற்றிக் கட்டுரை எழுதியதோடு அவர் நிற்கவில்லை என்பதே அவரது பெருமை. அகராதியைப் படப்பதிப்பாக 1966 இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியே வெளிக்கொணர்ந்தார். அவர் நிறுவிய தூத்துக்குடிக் கழகம், ச. இராசமாணிக்கம் அடிகளின் பதிப்பாகக் கிரீசித்தியானி வணக்கத்தை 1963 இலும் அடியார் வரலாற்றை 1967 இலும் அச்சிட்டது. போன நூல் கரைக்குத் திரும்பியது.

ஆயினும் அச்சுப்படி என்பது சில நூறு பேருக்குத்தான். அப்பதிப்புகளைத் தேடி நான் அலைந்த அலைச்சல் தனிக்கதை. ஒரு நூலகத்தின் அட்டவணையில் பெயர் இருந்தது, அலமாரியில் நூல் இல்லை. 1586 இன் நூலைக் காட்டிலும் 1967 இன் நூல் அரிதாகிவிட்டதோ என்று ஐயுற்றேன்.

ஆய்வேடுகளின் நிலை இதனினும் கேடு. என் நண்பர் ஒருவர் இக்கடற்கரையின் வழக்குச் சொற்களை ஐந்தாண்டுகள் திரட்டி முனைவர் பட்டம் பெற்றார். கட்டமைத்த படிகள் நான்கு. ஒன்று செல்லரித்தது, இரண்டு எங்கே என்று தெரியவில்லை, மிஞ்சிய ஒன்று அவர் வீட்டுப் பரணில். பல்கலைக்கழக மானியக் குழு 2009 இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை இதனை மாற்ற முயன்றது. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை அளிக்க வேண்டும் என்றாயிற்று; அவற்றைத் தொகுக்க இன்ஃப்லிப்நெட் மையத்தின் 'சோத்கங்கா' களஞ்சியம் உருவானது. இன்று எவரும் கட்டணமின்றி அங்குச் சென்று படிக்கலாம்.

படிக்கலாம் என்றேன், தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லத் துணியவில்லை. தமிழ் ஆய்வேடுகள் பலவும் பக்கங்களைப் படம் பிடித்த கோப்புகளாகவோ, ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவையாகவோ உள்ளன. 'சங்கு' என்று தேடினால் சங்கு வராது. பெட்டகம் திறந்திருக்கிறது, உள்ளே விளக்கு இல்லை.

விளக்கு எரியும் பெட்டகம் ஒன்றும் உண்டு. அது பல்கலைக்கழகத்துடையதன்று, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துடையது. 1947 இல் தொடங்கிய அந்நிறுவனம், தன் அறிவியலாளர்களின் கட்டுரைகளையும் வெளியீடுகளையும் திறந்த மின்களஞ்சியத்தில் இட்டு வைத்திருக்கிறது. தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் கி. அழகர்சாமி 1973 இல் முத்து வளர்ப்பில் வெற்றி கண்ட வரலாறும், 1987 இல் அவர் பதிப்பித்த முத்து வளர்ப்பு பற்றிய தொகுப்பும் அங்குக் கிடைக்கின்றன. ஹார்னல் 1905 இல் எழுதிய அறிக்கையைத் தேடி ஒரு காலத்தில் சென்னைக்கு ரயில் ஏறியவர்கள் இதன் அருமையை அறிவர்.

இத்தகைய களஞ்சியத்தில் நூலை இட நம்மவர் தயங்குவதற்குக் காரணம் சொல்வர்: எவரேனும் திருடிவிடுவார், பதிப்பாளர் ஏற்கமாட்டார். இரண்டாவது ஓரளவு மெய். அதற்காகவே சில ஆண்டுகள் மூடி வைத்துப் பின்னர் திறக்கும் ஏற்பாடு இருக்கிறது. பதிப்புரிமை ஆசிரியரிடமே இருந்துகொண்டு படிக்கும் உரிமையை மட்டும் அளிக்கவும் இயலும். முதலாவது அச்சத்தை நான் ஏற்பதில்லை. நாளிட்டுப் பொதுவில் வைத்த ஏட்டில்தான் திருட்டு எளிதில் புலப்படும். பரணில் கிடப்பதைத் திருடினால் யார் அறிவார்? கவிதை, நாடகம், நாட்டார் பாடல் தொகுப்புகளையும் ஆய்வேடுகளுடன் ஏற்கும் வழக்கம் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் உண்டு. நம் தமிழ்த்துறைகள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

அண்மையில், கடைசி முத்துக்குளிப்பு நடந்த 1961 ஐச் சிறுவனாகத் தோணியில் இருந்து கண்ட முதியவர் ஒருவரிடம், அக்களஞ்சியத்துக் கட்டுரை ஒன்றைக் கைப்பேசியில் திறந்து தமிழில் சொல்லிக் காட்டினேன். தொலையிரம் பார் என்ற பெயர் வந்ததும் நிமிர்ந்தார்.

"தம்பி, இதுல குளிச்ச ஆளுக பேரு உண்டுமா?"

இல்லை என்றேன். சற்று நேரம் கடலையே பார்த்திருந்துவிட்டு, ஒவ்வொரு பெயராகச் சொல்லத் தொடங்கினார். பதினொரு பெயர்கள். என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.