உடைந்த பானையும் எழுதிய அறிக்கையும்



வடலூரில் நின்று பேசுகிறோம். 1867 மே 23 அன்று வள்ளலார் இங்கே தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி கேளாமல் பசித்தவர்க்குச் சோறிடும் அதன் அடுப்பு இன்றும் எரிகிறது. அந்த அடுப்பின் அருகிலிருந்து ஒரு பானையின் வரலாற்றை நினைத்துப் பார்ப்போம்.

தருமச்சாலை தொடங்கி எழுபது ஆண்டு ஆகியும், இதே வட்டாரத்தில், காட்டுமன்னார்கோயில் பள்ளியில் சேரிப் பிள்ளைகள் குடிக்கத் தனிப் பானை இருந்தது. 1924இல் பிறந்த எல். இளையபெருமாள் அங்கே மாணவர். அவர் அந்தப் பானையை உடைத்தார். வேறு பானை வந்தது, அதையும் உடைத்தார். கடைசியில் எல்லோருக்கும் ஒரே பானை என்றானது.

இதை நம் மேடைகளில் பலமுறை கேட்டுக் கைதட்டியிருக்கிறோம். அத்தோடு நிறுத்தினால் அவரைப் பாதிதான் புரிந்துகொண்டவர்களாவோம்.

அவருக்கு முன்பே இம்மண்ணில் ஓர் இளைஞர் வழி வெட்டியிருந்தார். ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் பிறந்த முனுசாமி, இருபது வயதில் சிதம்பரம் வந்தார். சுவாமி சகஜானந்தராக 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு வயது 26. நெருப்பில் இறங்கித்தான் நந்தன் தில்லைக்குள் போனான் என்று கதை சொல்லிவந்த ஊரில், நந்தன் பெயராலேயே நம் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் உண்டானது. கதைக்கு அவர் சொன்ன பதில் ஒரு பள்ளிக்கூடம்.

இளையபெருமாளும் பானையோடு நின்றுவிடவில்லை. 1952இல் முதல் மக்களவைக்குப் போனபோது அவருக்கு வயது 27. 1965இல் நடுவண் அரசு அமைத்த தீண்டாமை குறித்த குழுவுக்கு அவரே தலைவரானார். பல மாநிலங்களில் நிலவிய கொடுமைகளைத் திரட்டி, 1969இல் அக்குழு அறிக்கை தந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அடுத்து வந்த கோயில் சட்டத் திருத்தம் அந்தப் பரிந்துரையைச் சுட்டியே எழுதப்பட்டது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமாக இறுக்கப்பட்டதிலும் அந்த அறிக்கைக்குப் பங்கு உண்டு.

ஒரு பானை உடைந்தால் ஒரு பள்ளி மாறும். பக்கத்து ஊரில் இரண்டு பானை அப்படியே இருக்கும். எழுதிவைத்தது ஊர் தாண்டிப் போகும். “எங்கள் பகுதியில் தீண்டாமையே இல்லை” என்று சொல்லும் அதிகாரியின் மேசைமேல் அதை வைக்கலாம். பானையை உடைத்தவரே நாட்டின் பானைகளைக் கணக்கெடுத்தார் என்பதுதான் நமக்கு முழுப் பாடம்.

இன்று பானை தொட்டியாகியிருக்கிறது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன அதிகாரிகள், அங்கே இரட்டைக் குவளையும் கோயில் நுழைவு மறுப்பும் இருந்ததைக் கண்டனர். ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில் சிபிசிஐடி அளித்த குற்றப்பத்திரிகை, அதே வேங்கைவயலின் நம் இளைஞர் மூவரைக் குற்றவாளிகள் என்றது. பாதிக்கப்பட்ட மக்கள் அதை ஏற்கவில்லை. நியாயம் கேட்பவர் பக்கமே குற்றம் திரும்பக்கூடும் என்னும்போது, முதல் நாளிலிருந்தே நம் கையில் பதிவு இருந்தாக வேண்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி, மாவட்ட விழிப்புணர்வுக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். நம் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு மாணவர் கேட்கலாம். பதில் வந்தாலும் ஆவணம். வராமல் போனாலும், நாம் அனுப்பிய மனுவின் நகல் ஆவணம்.

ஆகவே, இன்று ஊர் திரும்பும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊர் டீக்கடைக் குவளையை, சுடுகாட்டுப் பாதையை, தண்ணீர்த் தொட்டியைப் போய்ப் பாருங்கள். நாள், நேரம், கூட இருந்தவர் பெயர் போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். பானையை உடைக்கவேண்டிய நாள் வரும்போது, அந்த நோட்டு உங்களுக்குச் சாட்சி சொல்லும்.