இரண்டு மணி நேரத்தில் இழந்த ஊர்

சோவியத் ஒன்றியம் குலைந்த காலத்தில் மூண்ட கராபாக் போரினால், அஸர்பைஜானிய முஸ்லிம்களும் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களுமாக லட்சக்கணக்கானோர் பிறந்த மண்ணை இழந்தனர். அக்தம் நகரம் இடிபாடாயிற்று. அதன் பள்ளிவாசல் சிதைந்த நிலையில் எஞ்சி நின்றது. ஏறத்தாழ அதே காலத்தில், நம் காயல்பட்டினத்தின் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்றுவந்த இலங்கையிலும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களுக்கு இதே துயரம் நேர்ந்தது.

1990இல் இலங்கையின் கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் இடையே பகை முற்றி, இரு தரப்பு அப்பாவிகளும் கொல்லப்பட்டனர். ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்டோபரில், வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் பணித்தனர். கிழக்கில் மூண்ட பகைக்கு வடக்கில் வாழ்ந்தோர் விலை கொடுத்தனர்.

அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரமே அவகாசம். கைச்செலவுக்குச் சிறு தொகை தவிர, பணமும் பொருளும் பறிக்கப்பட்டன. பெண்களின் காதணிகள்கூடத் தப்பவில்லை. அண்டை வீட்டுத் தமிழர் பலர் கண்ணீர் விட்டனர். ஆயினும் துப்பாக்கியின் முன் அவர்களால் தடுக்க இயலவில்லை. வடக்கிலிருந்து விரட்டப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்.

அவர்களுள் பெரும்பாலோர் புத்தளத்தில் தஞ்சமடைந்தனர். அங்குள்ள மக்கள் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்துவிட்டனர். ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, தண்ணீருக்கும் வேலைக்கும் பள்ளிக்கூட இடங்களுக்கும் நெருக்கடி மிகுந்தது. ஓலைக் குடிசைகளில் பிறந்த குழந்தைகள் அங்கேயே வளர்ந்து பெற்றோருமாயினர்.

2002இல் புலிகளின் தரப்பில் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். 2009இல் போர் முடிந்தது. திரும்பிச் சென்றோரை வரவேற்றவை கூரையற்ற சுவர்களும், காடு மண்டிய காணிகளும், எல்லை தெரியாத தோட்டங்களுமே. வாக்காளர் பட்டியலில் புத்தளமா, சொந்த ஊரா என்பதும் வழக்காயிற்று. பிள்ளைகளுக்கோ தந்தையரின் ஊர் கேள்விப்பட்ட ஊராகவே இருந்தது. வெளியேற்றுவதற்கு இரண்டு மணி நேரம் போதுமாயிருந்தது. திரும்புவதற்கு ஒரு தலைமுறையும் போதவில்லை.

அநியாயமாக இல்லங்களிலிருந்து வெளியேற்றப்பட்டோரைத் திருமறையின் ஹஜ் அத்தியாயம் நினைவுகூர்கிறது. அந்த நினைவு கராபாக்கின் இரு தரப்பினருக்கும், இலங்கையில் வீடிழந்த தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியது. சிலரின் குற்றத்துக்காக ஒரு சமூகம் முழுவதையும் பழிக்கும் பேச்சு நம் ஊர்த் தெருவில் எழும்போது, அதை அங்கேயே நிறுத்துவது நம் கடமை. ஊரை விட்டு விரட்டும் ஆணைகள் அத்தகைய பேச்சிலிருந்தே பிறக்கின்றன.