ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், நம் ஊர்களில் வீட்டுப் பொருளானது எண்பதுகளில்தான். வளைகுடாவுக்கு வேலைக்குப் போன ஆண்கள் கொண்டுவந்த டூ-இன்-ஒன் பல தெருக்களில் முதல் டேப் ரெக்கார்டராக இருந்தது. இந்தக் காலத்தைப் பற்றி நல்ல ஆய்வுகள் வந்திருக்கின்றன. பீட்டர் மானுவெலின் ‘கேசட் கல்ச்சர்’ 1993-ல் வெளிவந்தது. பெரிய இசைத்தட்டு நிறுவனத்தின் ஆதிக்கத்தை மலிவான கேசட் எப்படி உடைத்தது என்பதை வட இந்தியாவை வைத்துச் சொல்லும் நூல் அது. தமிழகக் கிராமம் ஒன்றில் ஒலிபெருக்கியில் கேசட் போடுவதே வழிபாட்டு நிகழ்த்துதலாக ஆவதைப் பற்றி பால் கிரீன் 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். தயாரித்தவர்களும் விற்றவர்களும் ஊருக்கே கேட்கும்படி ஒலிக்கவிட்டவர்களும் இப்படி வரலாற்றுக்குள் வந்துவிட்டார்கள். தாங்கள் விரும்பிய பாடல்களைத் தாங்களே வரிசைப்படுத்தி ஒரு கேசட்டில் பதிந்து, இன்னொருத்திக்குக் கொடுத்து, அவள் என்ன சொல்வாள் என்று பார்த்திருந்த பெண்களைப் பற்றி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் கடையைச் சொல்லவேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலோ கடைத்தெருவிலோ ‘மியூசிக்கல்ஸ்’, ‘ரெக்கார்டிங் சென்டர்’ என்ற பெயர்களில் அது இருக்கும். எம்ப்டி கேசட் ஒன்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் நாலைந்து நாளில் பதிந்து தருவார்கள். 1984-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கிய பிறகும் இந்தக் கடைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. எங்கள் ஊர்க் கடை வாசலில் எப்போதும் பத்து ஆண்கள் நிற்பார்கள். பெண்கள் அங்கே போய் நிற்க முடியாது. பட்டியலை அண்ணனிடமோ தம்பியிடமோ கொடுத்துவிட வேண்டும். அவன் வழியிலேயே அதைப் படிப்பான். கடைக்காரர் படிப்பார், கடையில் நிற்பவர்களும் படிப்பார்கள். “உன் தங்கச்சிக்கு என்னடா ஒரே காதல் பாட்டா வேணுமாம்?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், அந்த வீட்டில் டேப் ரெக்கார்டர் பரணுக்குப் போய்விடும். அதனால் பல பட்டியல்கள் தணிக்கையோடுதான் எழுதப்பட்டன. முதலில் இரண்டு பக்திப் பாடல்கள், நடுவில் அம்மாவுக்குப் பிடித்த ஒரு சுசீலா பாட்டு, அப்புறம்தான் தனக்கு வேண்டியது. இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிய முந்தைய தலைமுறைப் பெண்களுக்காவது, தங்கள் பெயர் காற்றில் வந்தது என்ற பெருமை இருந்தது. கடைப் பட்டியலில் பெயர்கூட அண்ணனுடையதுதான்.

விடுதிக்கு வந்ததும் இது மாறியது. நான் இளங்கலை படித்தது தொண்ணூறுகளின் கடைசியில், தென்மாவட்டத்துப் பெண்கள் கல்லூரி ஒன்றில். மூன்றாம் ஆண்டு அக்கா ஒருத்தரிடம் இரண்டு கேசட் போடும் டெக் இருந்தது. ஒன்று ஓட, மற்றது பதியும். கடைக்காரர் தேவைப்படவில்லை. ஐந்து பேர் சேர்ந்தோம். மாதம் ஒருத்தி ஒரு 90 நிமிடக் கேசட் தொகுத்துத் தரவேண்டும். மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு வாரம் வைத்திருந்து கேட்டுவிட்டு, டப்பாவுக்குள் ஒரு துண்டுச்சீட்டில் கருத்து எழுதி அடுத்தவளுக்குத் தரவேண்டும். 120 நிமிடக் கேசட்டை யாரும் வாங்கமாட்டோம். அதில் நாடா மெல்லியது, சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். அப்புறம் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டு உட்காரவேண்டும்.

90 நிமிடம் என்றால் ஒரு பக்கத்துக்கு 45. நான்கரை நிமிடப் பாட்டானால் பத்துக்கு இடம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தாளில் நிமிடங்களைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்போம். சங்க இலக்கியம் படித்த பிறகுதான் எனக்கு இந்த வேலையின் பழமை புரிந்தது. நான்கடி முதல் எட்டடி வரை குறுந்தொகை, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நற்றிணை, பதின்மூன்று முதல் முப்பத்தொன்று வரை அகநானூறு. நீளத்தை அளந்து, எதற்குப் பக்கத்தில் எது என்று யோசித்து வைத்தவர்களின் வேலை அது. பாடியவர்களில் ஔவையாரும் வெள்ளிவீதியாரும் இருக்கிறார்கள். தொகுத்தவர்கள் என்று நமக்குக் கிடைக்கும் பெயர்களோ பூரிக்கோ, கூடலூர் கிழார், உருத்திரசன்மர் என்று ஆண்களுடையவை. தொகுப்பதும் ஒரு தீர்ப்புதான். எது நிற்க வேண்டும் என்று சொல்லும் உரிமை அது.

கடையில் அச்சிட்டு விற்ற கேசட்டுகளின் தீர்ப்பு எப்படி இருந்தது? நடிகர் பெயரில் ஒன்று, இசையமைப்பாளர் பெயரில் ஒன்று, ‘சோகப் பாடல்கள்’, ‘தத்துவப் பாடல்கள்’. தத்துவத்தில் பெண் குரல் கிட்டத்தட்டக் கிடையாது. (தத்துவம் பேசும் தகுதி மீசையோடு வருவது போலும்.) எங்கள் கேசட்டுகள் பெரும்பாலும் பெண் குரல்களின் வரிசையில் அமைந்தன. யாரும் அப்படி முடிவெடுக்கவில்லை, அமைந்துவிட்டது. ஒருத்தி ஒரு பக்கம் முழுக்க ஸ்வர்ணலதா வைத்தாள், படப்பெயர் எழுதாமல். நாயகனும் நாயகியும் ஆடுகிற மலையும் இல்லாமல் அந்தக் குரலை மட்டும் கேட்டபோது, ஆண் எழுதிய சொற்கள் வேறொருத்தியின் கூற்றாக மாறின. இன்னொரு முறை ஜென்சி. எழுபதுகளின் கடைசியில் வந்து, கொஞ்சம் பாடல்களோடு திரையிசையைவிட்டு விலகிப்போனவர். “இவங்க ஏன் பாடுறத விட்டாங்க?” என்று துண்டுச்சீட்டில் ஒருத்தி கேட்டிருந்தாள். அதற்குக் கீழே இன்னொருத்தியின் கையெழுத்தில், “நாம எல்லாரும் எதையாச்சும் விடப்போறோம், இதுல அவங்கள மட்டும் கேக்கியே ஏட்டி.”

ஒரு சீட்டை மறக்க முடியாது. ‘கருத்தம்மா’ படத்தில் பாடியதற்காக ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது கிடைத்திருந்தது. பெண்சிசுக் கொலையைப் பற்றி பாரதிராஜா 1994-ல் எடுத்த படம். அந்தப் பாட்டை ஒருத்தி கேசட்டின் முதல் பாட்டாக வைத்திருந்தாள். நாங்கள் மூவர் ஆகா ஓகோ என்று எழுதினோம். எங்களில் ஒருத்தி உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் சீட்டு இரண்டே வரி: “ஊர்ப் பேரச் சொன்னாலே எல்லாரும் அந்தப் படத்தப் பத்தித்தான் கேக்குறாங்க. இங்கயும் வேணாம்டி.” அவள் அந்தப் பாட்டின் மேல் ஒன்றும் இல்லாத நாடாவைப் பதிந்து, வெற்றாக்கிக் கொடுத்திருந்தாள். தொகுத்தவளுக்குக் கோபம். அழித்தது அத்துமீறல் என்றாள். மற்றவள், தன் ஊரைப் பாட்டாக்கி ரசிப்பது மட்டும் என்ன என்றாள். இரண்டு வாரம் பேச்சில்லை. அழுதுகொண்டே ரசிக்கும் நம் பழக்கத்தை அந்தச் சண்டைக்கு முன்பு நான் கேள்வி கேட்டதில்லை. இன்றும் வகுப்பில் அந்தப் படத்தைப் பேசும்போது, யார் ஊரைப் பற்றி யார் முன்னால் பேசுகிறோம் என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கேசட்டில் வேறு பாட்டை யாரும் பதியவில்லை. தொடக்கத்தில் நாலைந்து நிமிடம் உஸ்ஸென்று ஓடும், அப்புறம் இரண்டாவது பாட்டு வரும்.

நிக் ஹார்ன்பியின் ‘ஹை ஃபிடெலிட்டி’ 1995-ல் வந்த நாவல். காதலிக்குக் கேசட் தொகுப்பதை ஏதோ ஆண்களின் கைவேலைபோல அதன் நாயகன் பேசுவான். பின்னாளில் அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இசையறிவு என்பது ஆணிடம் இருப்பது, பெண் அதைப் பரிசாகப் பெறுகிறவள் என்ற எண்ணம் எங்கள் ஊர்க் கடைவாசலிலும் அப்படியேதான் இருந்தது. ஆண் கொடுத்த கேசட் கடிதத்துக்குச் சமம், பிடிபட்டால் விசாரணை. பெண்ணுக்குப் பெண் கொடுத்ததை விடுதிக் காப்பாளர் திறந்துகூடப் பார்த்ததில்லை. அவ்வளவு அலட்சியம் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அதே அலட்சியத்தால்தான் இன்று காட்டுவதற்கு ஒரு சீட்டும் மிஞ்சவில்லை.

கேசட்டின் பின்விளிம்பில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் காதுகள் இருக்கும். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. கல்லூரி முடிந்து பிரியும்போது, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்ட கேசட்டுகளில் எல்லாக் காதுகளையும் பேனாமுனையால் உடைத்துத்தான் பிரித்துக்கொண்டோம். உடைந்த இடத்தில் செலோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியின் கேசட்டில் மாமியாருக்காகக் கந்த சஷ்டிக் கவசம் ஏறியது. ஒன்று புதுவீடு மாறும்போது பழைய பொருட்களோடு போனது. ஜென்சி இருந்த கேசட்டை எடுத்துப்போனவளிடம் போன வருடம் தொலைபேசியில் கேட்டேன். “நானேதான்டி ஒட்டுனேன்” என்றாள். மகள் முதன்முதலில் பேசியதைப் பதிந்து வைக்க அந்த நேரத்தில் வீட்டில் வேறு கேசட் இல்லையாம். மூன்று நிமிடம்தான் குழந்தை பேசியிருக்கிறது. அதற்கப்புறம் ஒரு பாட்டு நடுவிலிருந்து தொடங்குகிறது, மீதி வரிசை அப்படியே இருக்கிறது.