தீர்ப்பு எழுதிய கையும் ஈந்த கையும்

பிறர்மேல் தீர்ப்புச் சொல்ல முந்துதல் ஆகாது என்பது ஏசுபிரான் மலைமீது அமர்ந்து அருளிய அறவுரைகளுள் ஒன்று. அம்மறையை உயிரெனக் கொண்ட ஒருவர், நாள்தோறும் தீர்ப்புச் சொல்வதையே தொழிலாக ஏற்க நேர்ந்தால் என் செய்வார்? இவ்வினா வெறுங் கற்பனையன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழநாட்டில் வாழ்ந்த தமிழ்ப் புலவர் ஒருவர் இதற்குத் தம் வாழ்வாலேயே விடை கண்டார். அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

மயிலம் முருகன் குன்றுக்கு அணித்தே, சென்னைக்கும் திருச்சிக்கும் செல்லும் நெடுஞ்சாலையின் மேல் அமைந்தது நம் கூட்டேரிப்பட்டு. இங்கே பல சமயத்தாரும் ஒன்றாய் அமர்ந்து கவிபாடி வரும் நம் வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில், அப்பெரியாரை நினைத்தல் பொருத்தமுடைத்து. பாடுவது போலவே, பிறர் பாட்டுக்குத் தீர்ப்புச் சொல்வதும் நம் அன்றாட வேலை அன்றோ?

மறை உரைப்பது

ஏசுபிரானின் அவ்வுரையை எடுத்தாள்வோர் பலர். முழுதும் நோக்குவோர் சிலர். புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் அங்கு வரும் 'கிரீனோ' என்னும் சொல், பகுத்தறிதல், முடிவு செய்தல், தண்டனைத் தீர்ப்பளித்தல் எனப் பல பொருள் தரும். நன்மை தீமைகளைப் பகுத்தறிய வேண்டா என்று ஏசுபிரான் சொல்லவில்லை. அதே அதிகாரத்திலேயே, மரத்தை அதன் கனியால் அறிந்துகொள்ளுமாறு அவர் பணிக்கிறார். அவர் விலக்குவது, தன் கண்ணில் உத்திரம் கிடக்க, உடன்பிறந்தான் கண்ணில் உள்ள துரும்பைத் தேடும் மனத்தையே. துரும்பை எடுக்கவே கூடாது என்பதும் அவர் கருத்தன்று. முதலில் உன் உத்திரத்தை அகற்று, பிறகு தெளிந்த கண்ணோடு அவனுக்கு உதவு என்பதே அதன் முடிபு.

கல்லெறிய நின்றவர் நடுவே நிறுத்தப்பட்ட பெண்ணின் வரலாற்றிலும் இதனையே காண்கிறோம். அவள் செய்தது பிழையன்று என ஏசுபிரான் கூறவில்லை. இனிப் பிழை செய்யாதே என்றே அனுப்பினார். ஆயினும் அவளைச் சாவுக்குத் தீர்க்க இசைந்தாரல்லர். செயலை எடைபோடுதல் வேறு. ஆளையே கழித்துவிடுதல் வேறு. நம் வள்ளுவரும் புறங்கூறாமை அதிகாரத்தை, பிறர் பிழையை நோக்கும் கண்ணால் தன் பிழையையும் நோக்குக என்னும் கருத்தோடேயே முடித்தார். இரு நிலத்தார் கண்ட உண்மை ஒன்றாயிருத்தல் மகிழ்தற்குரியது.

முன்சீப்பின் வழி

வேதநாயகம் பிள்ளை 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணி செய்து, பின் முன்சீப்பாக உயர்ந்தார். அவர் தரங்கம்பாடியிலும் அப்பதவி வகித்தார். சீகன்பால்கு மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறி நிறைவுற்றது அவ்வூரிலேதான். தீர்ப்பிடுதலைக் கடிந்த மறைமொழி தமிழில் அச்சான ஊரிலேயே ஒரு தமிழ்க் கிறித்தவர் நீதிபதியாய் அமர்ந்தார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

முன்சீப் நீதிமன்றம் நிலம், கடன் முதலிய உரிமை வழக்குகளைத் தீர்ப்பது. அங்கே தீர்ப்பு வேண்டுவோர் பெரும்பாலும் எளியவர். வழக்கு மொழியோ அவர் அறியாத ஆங்கிலம். தன்னைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்று அறியாமலே ஒருவன் தோற்று வெளியேறுவது நீதியாகாது என்று பிள்ளை கருதினார். 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துச் 'சித்தாந்த சங்கிரகம்' என்னும் பெயரால் வெளியிட்டார். 1879இல் வெளிவந்த அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்னும் சிறப்புடையது. தமிழர் வழக்கைத் தமிழரே ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை அந்நூலில் அவர் எள்ளி நகையாடினார்.

குற்றத்தைக் கண்டு அவர் வாளா இருந்தவரல்லர். 1859இல் வெளியான அவருடைய 'நீதி நூல்' கையூட்டையும் புறங்கூறலையும் பிற தீயொழுக்கங்களையும் கடுஞ்சொல்லால் சாடுகிறது. ஆனால் அச்சாடல் செயலின் மேலது. எந்த மனிதனையும், எந்தச் சமயத்தாரையும், எந்தக் குலத்தாரையும் அது கழித்து ஒதுக்கவில்லை.

பசியின் முன் ஒரு தீர்ப்பு

இவ்வேற்றுமை உரைகல்லில் உரைக்கப்பட்டது 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பஞ்சத்தில். அப்பஞ்சத்தில் இந்திய நாட்டில் மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்குக் குறையார் என்று ஆய்வாளர் பலர் கணக்கிடுவர். சென்னை மாகாணமே பேரழிவுக்கு உள்ளாயிற்று. நம் பகுதியை உள்ளடக்கிய அந்நாளைய தென்னார்க்காடும் தப்பவில்லை.

அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 சனவரியில் நிவாரணக் கூலியைக் குறைத்தார். நாள் முழுதும் உழைக்கும் ஆடவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். பெண்டிர்க்கும் பிள்ளைகட்கும் அதனினும் குறைவு. மிகுதியாகக் கொடுத்தால் மக்கள் சோம்பிக் கையேந்தப் பழகிவிடுவர் என்பது ஆட்சியாளரின் எண்ணம். இது பொருளாதாரக் கணக்கு மட்டுமன்று. பசித்தவன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு. அவனைக் காணுமுன்பே அவன் சோம்பேறி என முடிவாகிவிட்டது. மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ், இவ்வுணவு உயிர் தாங்கப் போதாது என எதிர்த்து வாதிட்டதன் பயனாக, மார்ச்சு மாதத்தில் அளவு சிறிது உயர்த்தப்பட்டது. மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரப் பகுதி, அப்பஞ்ச நாளின் நிவாரண வேலையாக 1877–78இல் வெட்டப்பட்டதே. கிழக்கே சென்று அக்கால்வாயின் கரையில் நிற்கும் அன்பர்கள் அதனை நினைவிற் கொள்ளலாம்.

அதே நாளில் மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் பொருளைப் பசித்தோர்க்கு வாரி வழங்கினார். தீர்ப்புச் சொல்லப் பழகிய கைதான் அது. தகுதி, தகுதியின்மை ஆராய்வதில் அவரினும் தேர்ந்தவர் யார்? எனினும் பசியின் முன்னே அவர் நீதிபதியாய் நிற்கவில்லை. பஞ்சத்தின் கொடுமையை இறைவனிடம் முறையிட்டுக் கீர்த்தனைகளும் பாடினார். 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைக் கண்டு உருகி, அவர்மேல் ஒரு கீர்த்தனையே இயற்றினார். சைவப் பெரும்புலவர் ஒருவர் கிறித்தவர் ஒருவரைப் பாடிய அருஞ்செயல் அது.

தீர்ப்பிடாத நட்பு

இது வியப்புமன்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மேல் 'குளத்துக் கோவை' பாடினார். இவரோ திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரைப் பாடினார். ஒருவர் சமயத்தை ஒருவர் துறக்கவுமில்லை, தூற்றவுமில்லை. 1878இல் வெளிவந்த 'சர்வசமய சமரசக் கீர்த்தனை'யின் பெயரே அவர் உள்ளத்தை உரைக்கும். எச்சமயத்தாரும் தம் இறைவனை எண்ணிப் பாடத்தக்க பாடல்கள் அவை. தம் நம்பிக்கையில் உறுதி குன்றாதவர் என்பதனாலேயே பிறர் நம்பிக்கையைக் குற்றக் கூண்டில் ஏற்ற வேண்டிய தேவை அவர்க்கு எழவில்லை.

நமக்குரியது

1889இல் மறைந்த அப்பெருமகன் வாழ்வு நமக்கு உணர்த்துவது யாது? அன்பு என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. தளை தட்டினால் தட்டிற்று என்று சொல்லத்தான் வேண்டும். பொருள் குன்றினால் குன்றிற்று என்றுதான் கூற வேண்டும். ஆனால் 'இப்பாட்டில் குறையுண்டு' என்பதற்கும் 'இவன் கவிஞனே அல்லன்' என்பதற்கும் இடையே ஓர் எல்லை உண்டு. அரங்கத்தில் முதன்முறை நடுங்கிய குரலோடு பாடி, நம்மவர் நகைப்பொலி கேட்டபின் மீண்டும் வாராதுபோன இளைஞர் எத்தனை பேர்? இப்பத்தாண்டில் அவ்வெல்லையை நாம் கடந்ததேயில்லை என நெஞ்சறிந்து சொல்லவியலுமா? இதனை எழுதும் யானும் அவ்வினாவுக்கு விலக்கானவன் அல்லேன்.

வரும் பத்தாண்டில் நம் அரங்கிலும் தீர்ப்புகள் எழுதப்படட்டும். ஆயின் அவற்றை எழுதும் கை, ஈயவும் அறிந்த கையாய் இருக்கட்டும்.