கணவன் கையிலுள்ள பத்திரம்: யூத விவாகரத்தின் வரலாறு

யூத மதச் சட்டத்தில் ஒரு திருமணத்தை முறிப்பது 12 வரிகள் கொண்ட ஒரு பத்திரமாகும். 'கெட்' என்பது அதன் பெயர். குறித்த அந்தக் கணவனுக்கும் மனைவிக்கும் என்றே எழுத்தர் ஒருவர் அதனை அரமேய மொழியில் கையால் எழுதுவார். இரு சாட்சிகள் ஒப்பமிடுவர். கணவன் தன் விருப்பத்தோடு அதை மனைவியின் கையில் சேர்ப்பிக்க வேண்டும். ரப்பிமார் அமரும் மத நீதிமன்றம் இதனை மேற்பார்வை செய்யலாம். கணவனுக்குப் பதிலாகத் தானே விடுதலை வழங்க முடியாது.

இதன் வேர் தவ்றாத்தில் உள்ளது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, பெண் விரும்பாவிட்டாலும் விலக்கப்படலாம், ஆணோ விரும்பினால் மட்டுமே விலக்குவான் என வகுத்தது. கணவன் மறுத்தாலோ காணாமற் போனாலோ மனைவி 'அகூனா' ஆகிறாள். கட்டுண்டவள் என்பது அதன் கருத்து. அந்நிலையில் அவள் வேறொரு யூதருக்குப் பிள்ளை பெற்றால், அப்பிள்ளை 'மம்ஸேர்' எனப்படும்; யூத சமூகத்துள் மற்றவர்களைப் போல் மணம் முடிக்க இயலாது. கணவன் மணமாகாத பெண்ணொருத்தியிடம் பெறும் பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை.

இச்சட்டம் மாற்றத்துக்கு அப்பாற்பட்டது என்று வாதிடுவோர் உளர். இதன் வரலாற்றை வாசித்தபோது எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஈராக் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. 651ஆம் ஆண்டளவில் அங்கிருந்த யூதக் கல்விக்கூடங்களின் தலைவர்கள் புதிய விதியொன்றை இயற்றினர். மனைவி விவாகரத்துக் கோரினால் கணவனைக் கட்டாயப்படுத்தித் தாமதமின்றிப் பெற்றுக்கொடுக்க வேண்டும் என்பதே அது. 10ஆம் நூற்றாண்டில் ஷெரிரா என்ற தலைவர் இதற்கான காரணத்தை எழுதினார். யூதப் பெண்கள் புறமதத்தாரை நாடி விடுதலை பெறத் தொடங்கியிருந்தனராம். அவர் குறிப்பிட்டது முஸ்லிம் நீதிமன்றங்களையே எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். பக்கத்து வீட்டில் ஒரு கதவு திறந்திருந்ததால் இந்த வீட்டிலும் ஒரு கதவு திறக்கப்பட்டது எனலாம்.

12ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த மூஸா இப்னு மைமூனும் இவ்வழியே சென்றார். வெறுக்கும் ஒருவனோடு வாழ்வதற்கு மனைவி போர்க் கைதியல்லள் என்பது அவரது நிலைப்பாடு. ஆனால் அதே நூற்றாண்டில் பிரான்சில் ரப்பேனு தாம் இதனை மறுத்தார். பலவந்தமாகப் பெறப்பட்ட கெட் செல்லாது என்ற அச்சமே காலப்போக்கில் மேலோங்கியது. திறந்த கதவு மூடிக்கொண்டது.

இதற்கு முன்னரே, 1000ஆம் ஆண்டளவில், ஜேர்மனியின் மைன்ஸ் நகரில் ரப்பேனு கெர்ஷோம் பலதார மணத்தையும், மனைவியின் சம்மதமின்றி அவளை விலக்குவதையும் தடைசெய்திருந்தார். இதனால் பெண்ணும் மறுக்கும் உரிமை பெற்றாள். ஆயினும் அவள் மறுத்தால், 100 ரப்பிமாரின் ஒப்புதலோடு கணவன் மறுமணம் செய்ய வழியுண்டு. அவளுக்கு அத்தகைய வழி இல்லை.

இன்றைய இஸ்ரேலில், 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் ரப்பிமாரின் நீதிமன்றங்களுக்கே உரியன. மறுக்கும் கணவனின் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், வங்கிக் கணக்கு ஆகியவற்றை முடக்கவும் அவனைச் சிறையிலிடவும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் 30 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தும் கெட் கொடுக்காமலே 1990களில் இறந்துபோனவரும் உண்டு. சிறைக்கதவு அவரைப் பூட்டியது; மனைவியை அது விடுவிக்கவில்லை.

வேறு நாடுகள் சிவில் சட்டத்தின் வழியே முயன்றன. நியூயோர்க் 1983இலும், கனடா 1990இலும், இங்கிலாந்து 2002இலும் சட்டங்களை இயற்றின. அமெரிக்க ரப்பிமார் சிலர் திருமணத்துக்கு முன்னரான ஒப்பந்தமொன்றை வகுத்தனர். பிரிந்த பின் கெட் கொடுக்காத கணவன் நாளொன்றுக்கு 150 டொலர் அளவில் மனைவியின் பராமரிப்புக்குச் செலுத்த வேண்டும். 1990கள் தொடக்கம் இஸ்ரேலிய மத நீதிமன்றங்களில் வாதிடப் பெண்களும் பயிற்சி பெற்றனர். இருந்தும், வீட்டையோ பராமரிப்புப் பணத்தையோ விட்டுக்கொடுத்துக் கெட்டை விலைக்கு வாங்கும் பெண்கள் இன்னும் உள்ளனர்.

இவ்வழிகள் யாவும் கணவனின் கையை அசைக்கவே முயல்கின்றன. பத்திரம் அந்தக் கையில்தான் இருக்கிறது. 651இல் கதவைத் திறந்தவர்களும் வேதத்தை நன்கறிந்த மார்க்க அறிஞர்களே. அவர்களுக்கு இயன்றது இன்றுள்ளோருக்கு ஏன் இயலாது என்று யூதப் பெண்கள் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு அவர்களின் சொந்த வரலாறே துணைநிற்கிறது என்பது என் எண்ணம்.